பதினைந்தாவது மட்டை

மைசூரில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தேன். அவற்றுள் பத்தொன்பது ஆண்டுகள் தேர்வுக்கூடத் தலைமைக் கண்காணிப்பாளராகவும் இருந்தேன். காலுறைக்குள்ளிருந்தும், கைக்குட்டைக்குள்ளிருந்தும், ஒருமுறை தலைக்கட்டுக்குள்ளிருந்தும் துண்டுச்சீட்டுகளை உருவியிருக்கிறேன். அத்தகைய நான், வாழ்நாளில் ஒரே ஒருமுறை விதிக்குப் புறம்பான பொருளை ஒரு பைக்குள் வைத்தேன் என்பதையும், அகப்பட்டபோது என்ன சொன்னேன் என்பதையும் இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். (என் மனைவி இதை உறவினர் வீடுதோறும் வாய்மொழியாக எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டாள்.)

என் மகள் மாலதி தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி. ஏழு வயதில் அவளுக்கு மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்துமா. பள்ளியில் விளையாட்டு நேரத்தில் மற்றப் பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவலிருப்பதே அவளுடைய விளையாட்டாக இருந்தது. வைத்தியம் பார்த்த டாக்டர் ஒருநாள், "ஓடபாரது. ஆதரெ நடீபேக்கு" என்றார். ஓடக் கூடாது, ஆனால் நடந்தாக வேண்டுமாம். அவரே கோல்ஃப் ஆடுபவர். தம் பழைய மட்டை ஒன்றை அவள் இடுப்புயரத்துக்கு வெட்டிக் கொடுத்து, ஞாயிறு காலைகளில் தம்மோடு புல்வெளியில் நடக்க வைத்தார். ஓராண்டில் மூச்சிரைப்பு அடங்கியது. ஐந்தாண்டில் டாக்டர் அவளிடம் தோற்கத் தொடங்கினார்.

எனக்கு அந்த விளையாட்டின்மீது மதிப்பு வரவில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையில் அடித்து முடித்தவருக்கு முதலிடம் தருகிறார்கள். குறைந்த மதிப்பெண்ணுக்குப் பரிசளிக்கும் ஒரு துறையை எந்தக் கல்லூரி ஆசிரியர் மதிப்பார்?

தொண்ணூறுகளின் நடுவில் அவள் பட்டப்படிப்பை முடித்தபோது நான் ஒரு நிபந்தனை விதித்தேன். தசரா முடிந்த மறுநாள் மைசூரில் நடக்கும் போட்டியில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் மாநில அணி, விரும்பும்வரை ஆடலாம். தவறினால் வங்கித் தேர்வு. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். (பெற்ற மகளிடம்தான்.)

ஆயுத பூஜை வந்தது. என் பௌதிகக் கருவிகள், ஸ்கூட்டர், மனைவியின் அரிவாள்மணை ஆகியவற்றோடு மாலதியின் மட்டைகளையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். டாக்டர் கொடுத்த குட்டை மட்டையைப் பரணிலிருந்து இறக்கி நடுநாயகமாக வைத்து, சாமந்திச் சரமும் சுற்றினேன். போட்டியன்று காலை நானே அவற்றை எடுத்துப் பையில் அடுக்கினேன். எண்ணவும் எண்ணினேன்: பதினைந்து. ஒன்றும் விடுபடவில்லை என்ற நிறைவுடன் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து புறப்பட்டேன். கோட்டுப் பையில் கோல்ஃப் விதிப்புத்தகம் இருந்தது. அதில் பார்வையாளர் நடந்துகொள்ள வேண்டிய முறை வரையில் படித்திருந்தேன்.

இரண்டு குழிகளை மாலதி அழகாக முடித்தாள். மூன்றாவதன் தொடக்கத்தில் பைக்குள் கைவிட்டவள் அப்படியே நின்றாள். உயரமான மட்டைகளுக்கிடையே மூழ்கிக் கிடந்த குட்டை மட்டை சாமந்திச் சரத்தோடு வெளியே வந்தது.

"அப்பா, இது யாரு வெச்சது?"

"நான்தான். டாக்டர் குடுத்தது. பூஜையில வெச்சதை விட்டுட்டு வரலாமா?"

"பதினாலுக்கு மேல இருக்கக் கூடாதுப்பா."

"ஒண்ணு கூட இருந்தா என்ன குறைஞ்சிடும்?"

"குறையாது. கூடும். ஒரு குழிக்கு ரெண்டு அடி அபராதம். ரெண்டு குழி ஆடியாச்சு. நாலு."

அவளோடு ஆடிய பெங்களூர் அம்மையார் சற்றுத் தள்ளிச் சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினேன்.

"மாலு, யாரும் பாக்கலை. குடு, கோட்டுக்குள்ள வெச்சுண்டு போயிடறேன்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்கு பழக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக நான் பிறரைப் பார்த்தது அப்படித்தான்.

"ஹால்ல ஒரு பையன் உங்ககிட்ட இப்படிச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"மூணு வருஷம் பரீட்சை எழுத விடமாட்டேன்," என்றேன். (பழக்கதோஷம்.)

"ம்," என்றாள். பிறகு, கூடுதல் தாள் கேட்கும் மாணவியைப் போலக் கையை உயர்த்தினாள்.

நடுவர் வந்தார். குங்குமப் பொட்டையும் பூச்சரத்தையும் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். "ஹப்ப சென்னாகாய்த்தா ஸார்?" என்று பண்டிகை நலம் விசாரித்துவிட்டு, நான்கு அடிகளை எழுதிக்கொண்டார்.

மீதிப் பதினாறு குழிகளையும் அவள் ஆடி முடித்தாள். குட்டை மட்டையைத் தோளில் சாய்த்து, சாமந்தி உதிர உதிர, நான் பின்னால் நடந்தேன். பார்த்தவர்கள் என்னை ஏதோ உற்சவ ஊழியர் என்று எண்ணியிருக்கக்கூடும். முடிவில் மாலதிக்கு மூன்றாம் இடம். இரண்டாம் இடத்துக்கு மூன்று அடி வித்தியாசம். மூன்றிலிருந்து நான்கைக் கழிக்க இயற்பியல் பட்டம் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் கழுவிக்கொண்டு மேசைமுன் அமர்ந்தாள்.

"அப்பா, பேனா குடுங்க."

"எதுக்கு?"

"பேங்க் அப்ளிகேஷன். கையெழுத்துப் போட்டிருக்கேனே."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாததுதான் தாங்கவில்லை. அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கொஸ்டின் பேப்பரைத் தப்பாக் குடுத்தது சூப்பர்வைசரா, பொண்ணா? நீங்களே சொல்லுங்க."

என் பணிக்காலத்தில் நான் எவருக்கும் மறுதேர்வு பரிந்துரைத்ததில்லை. நஞ்சன்கூட்டிலிருந்து மாணவர்கள் வரும் ரயில் பாதி வழியில் நின்றுபோன நாளில்கூட இல்லை. அன்று அந்த நிபந்தனைத் தாளை எடுத்து, அதன் அடியில் எழுதினேன்: "கண்காணிப்பாளரின் தவறு காரணமாக இத்தேர்வு செல்லாது. மறுதேர்வுக்கு அனுமதிக்கப்படுகிறது." முழுக் கையொப்பமும் இட்டேன்.

மாலதி படித்துப் பார்த்தாள். "சீல் போடலையா?" என்றாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

மறு ஆண்டு அதே போட்டியில் முதலிடம் பெற்றாள். நான் மைதானத்துக்குள் வரக் கூடாது என்பது இம்முறை அவள் விதித்த நிபந்தனை. எழுதிக் கையெழுத்தும் வாங்கினாள். அதன்பின் மாநில அணி. சில ஆண்டுகளில் தொழில்முறை ஆட்டம். செருப்புக்குக் காவலிருந்த பெண் முதன்முதலாக வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளம்பியபோது, வழியனுப்ப நானும் சென்றேன். விமான நிலையப் பெண் ஊழியர் எல்லாரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டார்: "இந்தப் பையை நீங்களேதான் அடுக்கினீங்களா? வேற யாராவது எதாவது வெச்சாங்களா?"

"இல்லை மேடம்," என்று மாலதி என்னைச் சுட்டிக் காட்டினாள். "அதோ கோட்டுப் போட்டவர். அவரைக் கிட்டவே விடலை."

இன்றும் ஆயுத பூஜையன்று மட்டைகளுக்குக் குங்குமம் இடும் உரிமை எனக்கு உண்டு. குட்டை மட்டைக்குத் தனிப் பலகை. மறுநாள் மாலதி என் எதிரில் உரக்க எண்ணி அடுக்குவாள். பதினான்கு வந்ததும் பையை மூடிவிட்டு என் பக்கம் திரும்புவாள். குடும்பமே அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருக்கும்.

"சாக்ஸைக் கழட்டிக் காட்டுங்கப்பா."

கழற்றிக் காட்டுகிறேன். விதி என்றால் விதிதான்.