நாற்பது கரடிப் பலகைகள்

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பி மனைவியும் உன் மருமகள் மிளகும் இந்த நிமிடம் வரை நலம். நீயும் அத்தானும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த நிமிடம் வரை என்று எழுதியதற்குக் காரணம், போன மாதம் நீ அனுப்பிய ஐந்து நாள் விடுமுறைத் திட்டம். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், பக்கத்தில் அத்தானும் சிரிப்பார், இங்கே என் மனைவி ஒட்டுக் கேட்பாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படி.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைக்காட்டுக்குப் போகலாம் என்று நீ சொன்னபோது, ஒரு நல்ல அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மலை என்றுதான் நினைத்தேன். மலை வெளியே இருக்கும், நாம் உள்ளே இருப்போம். நீ அனுப்பிய தாளில் ஜன்னலே இல்லை. முதல் நாள் காட்டுக்குள் எட்டு கிலோமீட்டர் நடை, இரண்டாம் நாள் மலைச்சரிவில் சைக்கிள், மூன்றாம் நாள் பள்ளத்தாக்கின் மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவது, நான்காம் நாள் கூடாரம், ஐந்தாம் நாள் ஆற்றில் ரப்பர் படகு. ஆறாம் நாள் வீடு திரும்புவது என்று ஒரு வரி போடவேண்டாமா? மறந்துவிட்டாயா, தேவைப்படாது என்று விட்டுவிட்டாயா?

மற்றவர்களைப் போல நான் விவரம் தெரியாமல் பயப்படுகிறவன் இல்லை. என் கஷ்டமே விவரம் தெரிந்ததுதான். எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக எச்சரிக்கைப் பலகை செய்கிறேன். தகட்டை வெட்டி, மஞ்சள் அடித்துக் காயவைத்து, எழுத்து வெட்டிய ஸ்டென்சில் அட்டையை வைத்துக் கறுப்பு எழுத்துப் போடவேண்டும். அந்த மலைக்குப் போகும் பலகை எல்லாம் வனத்துறையினர் எங்களிடம்தான் வாங்குகிறார்கள். எந்தக் கிலோமீட்டரில் எந்தப் பலகை என்று ஆர்டரோடு பட்டியல் வரும், அதன்படி பின்பக்கம் எண் எழுதி அனுப்பவேண்டும். அதனால் நான் கால் வைக்காத அந்த மலையின் ஆபத்து முழுவதும் எனக்கு மனப்பாடம். உன்னுடைய எட்டு கிலோமீட்டர் பாதைக்கு மொத்தம் பதினேழு பலகை. ஒன்றேகால் கிலோமீட்டரில் ‘வழுக்கும் பாறை’. இரண்டில் ‘கற்கள் உருளும் இடம்’. மூன்றரையில் ‘குளிக்காதீர்கள்’, அதே மூன்றரையில் ‘எட்டிப் பார்க்காதீர்கள்’. குளிக்கவும் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது என்றால் அங்கே என்னதான் இருக்கிறது என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கரடிப் பலகை போன வருடம் பன்னிரண்டு கேட்டார்கள், இந்த வருடம் நாற்பது. நாற்பது கரடிக்கும் நான்தான் கறுப்பு அடித்தேன். இருபத்தைந்துக்கு மேல் கை நடுங்கி, ஸ்டென்சிலுக்கு வெளியே மை பிதுங்கிவிட்டது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, இந்தக் கரடிக்கெல்லாம் குளிர் ஜுரமா?” என்று கேட்டார்.

இருந்தாலும் நீ ஆசையாகக் கூப்பிட்டதை மறுக்க மனம் வராமல், ஒத்திகை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். தினமும் காலையில் மூன்று பேரும் முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு, பைக்குள் பழைய செய்தித்தாளை அடைத்துக்கொண்டு, எங்கள் குடியிருப்பின் நான்கு மாடிப் படியையும் பத்து முறை ஏறி இறங்கினோம். நான்காம் நாள் கீழ்வீட்டுக்காரர், நாங்கள் மூட்டை மூட்டையாகச் சாமான் இறக்குகிறோம், வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புதுக் குடும்பத்தை வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் கூடத்தில் புதுக் கூடாரத்தைக் கட்டி, கழுத்தில் விசிலோடு உள்ளே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிப் மாட்டிக்கொண்டது. வெளியே ஒரு பெண் குரல், “உள்ள யாரோ இருக்காங்களே, அவரும் வீட்டோட சேர்த்தியா?” என்று கேட்டது. “இல்லம்மா, அவர் காலி பண்ணிடுவார்” என்றார் உரிமையாளர். சமையலறையிலிருந்து என் மனைவி, “யார் காலி பண்றது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆபத்து நேரத்தில் விசிலை மூன்று முறை ஊதவேண்டும் என்று கூடாரத்தோடு வந்த தாளில் போட்டிருந்ததால் நான் ஊதினேன். சின்ன இடம், பெரிய சத்தம். வந்தவர்கள் படியில் இறங்கி ஓடியது எனக்குக் காதில் விழவில்லை, மிளகு சொல்லித்தான் தெரியும். அரைமணி நேரம் கழித்துக் கத்தரிக்கோலால் வெட்டி என்னை எடுத்தார்கள்.

அன்று சாப்பிடும்போது என் மனைவி, “நீங்க வரவே வேண்டாம். நானும் மிளகும் போயிட்டு வர்றோம்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன், நிதானமாகச் சொன்னாள். மிளகும் தலையை நிமிர்த்தாமல், “பரவாயில்லப்பா, எனக்குப் பயம் வந்தா அத்தை கையைப் பிடிச்சுக்கறேன்” என்றாள். பதினோரு வயதுப் பெண் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு அது தாங்கவில்லை அக்கா. அவள் பிடிக்கவேண்டிய கை என்னுடையது. அந்தக் கை ஸ்டென்சிலுக்குள்ளேயே நிற்க மாட்டேன் என்கிறது.

இனி எழுதப்போவதை அத்தானிடம் வாசித்துக் காட்டாதே. மறுநாள் பட்டறையில் மஞ்சள் காய்ந்த தகடு ஒன்று மிச்சம் இருந்தது. அதில் ‘பாதை மூடப்பட்டுள்ளது. திரும்பிச் செல்லவும்’ என்று எழுதி, பின்பக்கம் கிலோமீட்டர் பூஜ்யம் என்று எண் போட்டு, உன் பாதைக்கான பதினேழு பலகையோடு பதினெட்டாவதாகச் செருகிவிட்டேன். லாரியும் போய்விட்டது. இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்ப் பலகை அது.

நான்கு நாள் கழித்து உன்னிடமிருந்து செய்தி வந்தது: ‘பழைய பாதை வேண்டாம்னு முடிவாயிடுச்சு. மேல் பாதையில போறோம். பதினாலு கிலோமீட்டர்.’ என் பலகையை மாட்டிவிட்டார்கள், அந்தச் செய்தி உன் காதுவரை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஓடிப்போய் ஆர்டர் பட்டியலைப் புரட்டினேன். மேல் பாதைக்கு ஒரு பலகைகூட இல்லை. அங்கே பாறை வழுக்குமா, கல் உருளுமா, நாற்பதில் எத்தனை கரடி அந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது. தெரிந்த பதினேழு ஆபத்திலிருந்து இழுத்து, பெயர் தெரியாத ஆபத்துக்குள் பெற்ற மகளை நானே தள்ளிவிட்டேன். பட்டறையில் போன் அடித்தால் பெயின்ட் அறைக்குள் போய் நின்றுகொள்கிறேன். யார் யாருடைய குடும்பமெல்லாம் அந்தப் பாதை முனையில் என் கையெழுத்தைப் பார்த்து ஏமாந்து திரும்பிப் போகிறதோ என்று எண்ணிக்கொண்டே அங்கே பெயின்ட் டப்பாக்களை மாற்றி மாற்றி அடுக்குகிறேன்.

ஆகையால் நீ இந்தப் பயணத்தை ரத்து செய்யவேண்டும், அல்லது ஜன்னலுள்ள அறையாகப் பார்க்கவேண்டும். எது எப்படியானாலும் நான் வருவதாக இல்லை. என் மனைவியிடம் நீயே பேசு, உன் பேச்சைத்தான் கேட்பாள்.

அத்தானுக்கு என் மரியாதையைச் சொல்லவும். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, தரைமட்டத்தில் நீண்ட நாள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன் உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், அடுத்த கட்டுப் பலகையை ஏற்றிக்கொள்ள அந்த மலையின் வனக்காவலரே பட்டறைக்கு வந்துவிட்டார். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்தப் பலகைங்க? நாங்க எதையும் மாட்டறதே இல்லையே” என்றார். “கரடிப் பலகை வச்சா, அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுக்கறாங்க. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு பின்னாலயே போய் விழறாங்க. ஆறு வருஷம் முன்னாடியே எல்லாத்தையும் கழட்டி ஷெட்ல அடுக்கிட்டோம். ஆர்டர் மேலிடத்துலேர்ந்து அது பாட்டுக்கு வருது.” பாதை மூடியிருக்கிறதா என்று கேட்டேன். “திறந்துதான் இருக்கு. ரொம்ப லேசான பாதைன்னு யாரும் வர்றதில்ல” என்றார். அப்படியானால் பாதையை மாற்றியது என் பலகை இல்லை, உன் கொழுப்பு.

நான்கு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசில்லை. மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். என் பயம் போகவில்லை அக்கா, இரண்டு மடங்காகிவிட்டது. மொத்த மலையிலும் ஒரு பலகை கிடையாது. அங்கே மிளகை அனுப்பிவிட்டு நான் இங்கே நின்று தகட்டுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருக்க முடியாது. நானும் வருகிறேன். அவளுக்கு ஓரடி முன்னால் நான்தான் நடப்பேன். வழுக்கும் இடத்தில் வழுக்கும் என்பேன், உருளும் இடத்தில் உருளும் என்பேன். பதினாலு கிலோமீட்டரும் வாயை மூடமாட்டேன் என்று அத்தானிடம் இப்போதே சொல்லிவை.