தம்பிஐயாவின் அகலம்

திரையில் தம்பிஐயாவின் முகம் அரிசி புடைக்கும் ஒரு சுளகளவுக்கு விரிந்திருந்தது.

கொடிகாமத்தில் அச்சகம் நடத்தும் கஜீபனுக்கு வியர்த்தது. நாளைக்குக் கீரிமலையில் தம்பிஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. முடிந்து வீட்டில் சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு நினைவுப் புத்தகம் இன்று பின்னேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். தம்பிஐயாவின் மனைவி கேதீஸ்வரி சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "படம் மட்டும் வடிவா வரவேணும். இனி எங்களுக்கு அந்த முகந்தானே."

கஜீபன் தம்பிஐயாவை நேரில் கண்டதில்லை. ஆனால் தன் மடிக்கணினியை அவனுக்குத் தெரியும். போன கிழமைதான் குருநகர் றொகான் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். "வைரஸ் கிட்டவும் வராது மச்சான்" என்றான். வைரஸ் வரவில்லை. அகலம் வந்துவிட்டது.

றொகானுக்குப் போன் எடுத்தான்.

"ஸ்கிரீன் இழுபடுது மச்சான். ஆள் அகலமா நிக்கிறார்."

"அப்ப ரெசலூஷன் பிழை. செற்றிங்ஸுக்குள்ள போய் வேறொண்டை மாத்து."

மாற்றினான். எல்லாம் பூசணிக்காயளவு பெருத்து, 'சரி' என்ற பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. தம்பிஐயாவின் மூக்கு மட்டும் உள்ளே நின்றது.

றொகான் வட்சப்பில் ஒரு கட்டளை அனுப்பினான். அதை அடித்ததும் திரை பக்கவாட்டில் சாய, தம்பிஐயா படுத்துக்கொண்டார். கஜீபன் மடிக்கணினியைச் சரித்துக் கடதாசிக் கட்டோடு சாத்திவைத்தான். போட்டோக்கொப்பி எடுக்க வந்த சுபாஜினி ரீச்சர் உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, கழுத்துச் சுளுக்கே?"

"எனக்கில்லை ரீச்சர். லப்டொப்புக்கு."

அடுத்த கட்டளைக்குத் திரை நிமிர்ந்தது. எழுத்துகள் ஒழுங்காயின. தம்பிஐயா மட்டும் சுளகாகவே இருந்தார்.

"ஒப்பிட்டுப் பாக்க வேற படம் ஏதும் இருக்கே?" என்றான் றொகான்.

"அட்டையில பிள்ளையார் இருக்கிறார்."

"அவர் எப்பிடி?"

"வண்டியும் தொந்தியுமாத்தான்."

றொகான் கொஞ்சம் யோசித்தான். "அவரை வைச்சு அளக்கேலாது. வீட்டுக்காரரைக் கேள்."

"செத்தவீட்டுக்குப் போன் எடுத்து, உங்கடை மனுசன் எவ்வளவு அகலம் எண்டு கேக்கச் சொல்லுறியோ?"

இனித் திரையை நம்பிப் பயனில்லை. படத்தின் விளிம்பை மவுசால் பிடித்து, மனித முகம் என்று தன் மனம் ஒப்பும்வரை உள்ளே தள்ளினான். கன்னம் வற்றியது. தாடை தெரிந்தது. கடைசியில் கலியாண மாப்பிள்ளை போல ஒருவர் வந்து நின்றார். முன்னூறு பிரதி அடித்தான்.

பின்னேரம் பெட்டியோடு போனான். முற்றத்தில் நின்றபடியே கேதீஸ்வரி ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

கஜீபனுக்கும் கண் கலங்கியது.

"அழாதேங்கோ அன்ரி. படம் முதலிலை கண்டபடி அகலமா நிண்டது. காலமை துடக்கம் பாடுபட்டு நான்தான் நேராக்கினனான்."

தலைப்பை எடுத்தபோது, முப்பது நாளில் முதல் தடவையாகக் கேதீஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர் பன்னிரண்டு வருசமாக் கத்தியும் ஒரு கிலோ குறையாத மனுசன், தம்பி. நீர் ஒரு காலமையிலை மெலிய வைச்சிட்டீர்."