டின்னர் நேரத்துக் கப்பல்

முதலில் மணி. பித்தளைக் கைமணி. பிளான்ச் மாடிப்படியின் அடியில் நின்று அதை மூன்று முறை ஆட்டுவாள். மூன்றாவது ஆட்டலில் மணியின் நாக்கு எங்கோ இடறும். சத்தம் தன்னையே பாதியில் விழுங்கிக்கொள்ளும். பிறகு அவள் குரல்: "டின்னர்!" சுவர்க் கடிகாரம் பகல் பன்னிரண்டை அடித்து முடித்திருக்காது. இத்தனை வருடம் கழித்து, கிழமையே மறந்துபோகிற நாட்களிலும், அந்த அரைகுறை மணி மட்டும் ஹெட்லியின் காதில் தெளிவாகக் கேட்கிறது.

நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் ஓரத்தில், பெருநிலத்துக்குப் போகிற கப்பல் வந்து நிற்கும் சிறு துறைமுகம் அது. மேட்டின்மேல் பிளான்ச்சின் விடுதி. பன்னிரண்டு அறைகள். அக்டோபர் கடைசி வாரம் என்பதால் பதினோரு அறைகள் காலி. பன்னிரண்டாவதில் ஹெட்லி பார்டியும் அவர் மனைவி மெல்வினாவும் கடல்காத்து நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். காத்து நின்றால்தான் கப்பல் கிளம்பும். காத்து நிற்கவில்லை. இவர்கள்தான் காத்து நின்றார்கள்.

ஹெட்லிக்கு எழுபது வயது. ஐம்பது வருடம் மீன் பிடித்தவர். தீவைவிட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. போகிற ஆசையும் இல்லை. மகள் பெர்னிஸ் பெருநிலத்தில், வெகு தூரத்து ஆல்பர்ட்டாவில் இருந்தாள். "ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க" என்று ஏழு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் மெல்வினா புருஷன் பக்கம்தான் நின்றாள். ஏழாவது வருடம் ஆகஸ்டில், பக்கத்து டவுனுக்குத் தனியாகப் போய்வந்தவள், கோட்டைக் கழற்றிக்கொண்டே "போறோம்" என்றாள். காய்கறி வாங்கி வந்தேன் என்பதுபோல.

ஹெட்லி கத்தினார். மூன்று வாரம் பேசாமல் இருந்தார். படகுக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். முதுகு பிடித்துக்கொண்டதும் திரும்பி வந்தார். கடைசியில் மெல்வினா ஒரே ஒரு சலுகை கொடுத்தாள்.

"இந்தக் கப்பல்ல ஏறினா ஏறினதுதான், ஹெட்லி. தவறிப்போச்சுன்னா திரும்பி வீட்டுக்கே போயிடலாம். அப்புறம் இந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"நான் என்னைக்கு வாக்கு மாறியிருக்கேன்?"

மாறியதில்லை. அவளோடு குடித்தனம் நடத்துவதில் இருந்த பெரிய கஷ்டமே அதுதான். இப்போது முதல்முறையாக அது வசதியாகப்பட்டது. வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்த அந்தக் காலையிலேயே ஹெட்லி மனதுக்குள் ஒரு மகத்தான தீர்மானம் நிறைவேற்றினார். கப்பலைத் தவறவிடுவது. தற்செயலாக. மிகுந்த வருத்தத்தோடு.

விடுதியில் முதல் நாள் டின்னருக்கு இறங்கி வந்தபோது சாப்பாட்டு அறையில் ஒன்பது மேஜைகள் இருந்தன. ஒன்பதிலும் துணி விரித்து, தட்டு வைத்து, உப்புக் குப்பி வைத்திருந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

"முன்பதிவு செஞ்சிருக்கீங்களா, கண்ணு?" என்றாள் பிளான்ச். அவளுக்கு எல்லோரும் கண்ணுதான்.

ஹெட்லி சுற்றிப் பார்த்தார். "நாங்க ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"கேக்கறது என் வழக்கம். சரி, உங்க நல்ல நேரம், ஜன்னலோர மேஜை இப்பத்தான் காலியாச்சு."

"எப்ப?"

"போன மாசம். உக்காருங்க. நீங்க யாரு வீட்டு ஆளு?"

"பார்டி."

"எந்தப் பார்டி? மூக்குப் பார்டியா, குடிகாரப் பார்டியா?"

மெல்வினா ஹெட்லியின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள்.

"ஆமா, மூக்குப் பார்டி" என்று பிளான்ச் உள்ளே போனாள்.

வந்தது உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சி. அதோடு சேர்த்து வேகவைத்த முட்டைக்கோசு, டர்னிப், உருளைக்கிழங்கு. துணியில் கட்டி வேகவைத்த பட்டாணிக் களி. ஜன்னலுக்கு வெளியே கப்பல் வெள்ளையாக, ஒரு தெருவே கட்டிப் போட்டதுபோல, கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஹெட்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா ஒன்பது மேஜைக்கும் விரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் போனப்புறம் ஒரு நாள் விரிக்காம விட்டேன், கண்ணு. அன்னிக்குப் பூரா வீடு என்னையே பாத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு." பிளான்ச் குழம்புக் கரண்டியைத் துடைத்தாள். அவள் சாப்பிடுவது அடுப்பருகில், நின்றபடி.

இரண்டாம் நாள் மெல்வினா தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஹெட்லி தேநீர் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"என்ன பேச்சு?"

"ஜாம் பத்தி" என்றாள் மெல்வினா.

அவர் திரும்பி வந்து ஒன்பது மேஜைகளில் ஒன்றில் தனியாக உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் எதிர் நாற்காலியிடம் உப்பைக் கேட்டார். நாற்பத்தாறு வருடத்தில் உப்பு தானாக வரவில்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கை நீட்டி எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு மாடிப்படிக்குக் கீழே போன் அடித்தது. பிளான்ச் கொல்லையில் இருந்தாள். ஹெட்லி எடுத்தார். கப்பல் ஆபீஸ், பெருநிலத்தில் எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண்ணின் குரல். ஐம்பது வருடம் படகு எஞ்சினுக்கு மேல் கத்திப் பேசிய ஹெட்லிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"என்னது? காத்து குறையுதா? ... இன்னைக்கா? ... டின்னர் நேரத்துலயா? டின்னர் நேரத்துல ஏத்திக்கிட்டு உடனே கிளம்பிடுவீங்களா? ... சரிம்மா. சொல்லிடறேன்மா. ரொம்ப நல்லதும்மா!"

மாடியிலிருந்து மெல்வினா கூப்பிட்டாள். "போன்ல யாரு?"

"தப்பு நம்பர்!"

மணியைப் பார்த்தார். டின்னருக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. கப்பலுக்கு எதிர்ப்பக்கம், குன்றைத் தாண்டி ஒரு சிறு குடா இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் துறைமுகம் தெரியாது. போக ஒரு மணி, வர ஒரு மணி. ஹெட்லி மாடிக்குப் போனார். தொண்டையைச் செருமினார்.

"மெல்வி, ஒரு நடை போயிட்டு வரலாமா?"

அவள் பின்னிக்கொண்டிருந்த காலுறையை மடியில் வைத்தாள். "யாரு?"

"நாமதான்."

"எங்க?"

"சும்மா. காத்து வாங்க."

"மூணு நாளா காத்து வீட்டையே தூக்கிட்டிருக்கு. அதை வெளிய போய் வேற வாங்கணுமா?" என்றாள். ஆனால் எழுந்துவிட்டாள். தன் நல்ல நீலக் கோட்டை எடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று தலையில் துணி கட்டினாள். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். ஹெட்லிக்கு என்னவோபோல் இருந்தது.

"டின்னருக்கு இருக்க மாட்டீங்களா?" என்று பிளான்ச் வாசலில் மறித்தாள். "பானை அடுப்புல கிடக்கு!"

"எடுத்து வை பிளான்ச்" என்றாள் மெல்வினா. "இவர் என்னைக் கூட்டிட்டுப் போறாரு."

குடாவில் ஒரு பாறை காற்றுக்கு மறைவாக இருந்தது. பிளான்ச் கட்டிக்கொடுத்த ரொட்டியையும் வெல்லப்பாகையும் அங்கே உட்கார்ந்து தின்றார்கள். மெல்வினா நிறையப் பேசினாள். கல்யாணத்துக்கு முன்னால் டொரோண்டோவில் ஒரு டாக்டர் வீட்டில் இரண்டு வருடம் சமைத்துப் போட்டதைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். அவர் அதைக் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை, காதெல்லாம் கப்பலின் ஊதல் மேல் இருந்தது. பன்னிரண்டரை. ஒன்று. ஊதல் வரவில்லை. காற்று வேறு பக்கம் கொண்டுபோயிருக்கும் என்று தேற்றிக்கொண்டார்.

"அங்க போனா உனக்குப் பேச ஆளு இருக்கும், ஹெட்லி. பேரன் பேத்தி இருக்கு."

"பேசறதுக்குத்தான் நீ இருக்கியே."

மெல்வினா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். கடல்புறாக்களை எண்ணுகிறவள்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. அந்தக் கோட்டில் அவள் எவ்வளவு சிறுத்துப்போயிருந்தாள் என்று ஹெட்லி கவனித்தார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. வீட்டை நினைத்துக்கொண்டார். ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

இரண்டரை மணிக்குக் குன்றின்மேல் ஏறும்போதே முகத்தைத் தயார் செய்துகொண்டார். முதலில் அதிர்ச்சி. பிறகு துக்கம். பிறகு, 'போனா போகுது மெல்வி, எல்லாம் நல்லதுக்குத்தான்.' உச்சிக்கு வந்தார். குனிந்து பார்த்தார்.

கப்பல் இருந்தது. வெள்ளையாக, அப்படியே.

அதிர்ச்சி மட்டும் ஒத்திகை இல்லாமலே வந்தது. விடுவிடுவென்று சரிவில் இறங்கினார். விடுதிக்குள் நுழைந்ததும் பொறுக்கவில்லை.

"பிளான்ச், கப்பல் போகலையா?"

"அது ஏன் இப்பப் போகணும்?" என்றது பின்னால் மெல்வினாவின் குரல். அவள் நிதானமாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "டின்னர் நேரத்துலதானே ஏத்தறாங்க?"

ஹெட்லி மெதுவாகத் திரும்பினார். "டின்னர் நேரம் போய் ரெண்டரை மணி நேரம் ஆச்சே?"

"நம்ம டின்னர் முடிஞ்சுது. அவங்க டின்னர் சாயங்காலம் ஆறு மணிக்கு."

"ஆறு மணிக்கு சப்பர்தானே!"

"நமக்கு சப்பர். பெருநிலத்துல அதுக்குப் பேரு டின்னர். டொரோண்டோ வீட்டுல முதல் நாள் பகல் பன்னெண்டுக்கு மேஜை முழுக்க எடுத்து வெச்சுட்டு நின்னேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. இதைத்தான் பாறையில உக்காந்து உனக்கு அரை மணி நேரம் சொன்னேன்."

பிளான்ச் அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். அவள் தோள் குலுங்கியது.

"நீ போன்ல பேசினது எனக்கு மட்டுமா கேட்டுது, ஹெட்லி? துறைமுகத்துக்கே கேட்டுது."

ஹெட்லி ஏறுவதற்கு முன்பே அவர் மானம் கப்பல் ஏறிவிட்டது. ஜன்னலோர மேஜையில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எல்லாம் தெரிஞ்சா எதுக்கு அத்தனை தூரம் நடந்து வந்தே?"

"நாப்பத்தாறு வருஷத்துல நீ என்னை நடக்கக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை" என்றாள் மெல்வினா. "விடுவேனா?"

பிளான்ச் எடுத்துவைத்திருந்த டின்னரைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். அன்று அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். மெல்வினா கேட்காமலே உப்பை ஹெட்லி பக்கம் நகர்த்தினாள்.

ஆறு மணிக்குப் பிளான்ச் துறைவரை வந்தாள். மெல்வினாவைக் கட்டிப்பிடித்தவள் விடவே இல்லை. மூன்று நாள் பழக்கத்துக்கு இது அதிகம் என்று ஹெட்லி நினைத்தார். இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார்.

மெல்வினா ஆல்பர்ட்டாவில் பதினான்கு மாதம் உயிரோடு இருந்தாள். அந்த ஆகஸ்டில் டவுன் டாக்டர் சொன்ன கணக்கைவிடக் கொஞ்சம் அதிகம். ஹெட்லி இருபத்தோரு வருடமாக அங்கேதான் இருக்கிறார்.