சின்ன நம்பர், பெரிய ஓட்டை

இந்த வருடம் தீயணைப்பானைப் படம் எடுப்பதில்லை என்று லிஃப்ட்காரர் சபதம் செய்தார்.

லேசுப்பட்ட சபதம் இல்லை. சாப்பாட்டு மேசையில் ஓங்கி அடித்துச் செய்த சபதம். தம்ளர் ஒரு சாண் நகர்ந்து போய் நின்றது.

காரணம் இருந்தது. போன வருடம் பள்ளிக்கூட அரங்கில் சதுரங்கப் போட்டி. மகள் பாப்பா இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். அரங்கில் அழுது வடிகிற வெளிச்சம். ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது என்று பலகையே வைத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டிலும் பாப்பா பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய சிவப்புத் தீயணைப்பான் மட்டும் பளிச்சென்று, மாப்பிள்ளை மாதிரி நின்றது.

“அப்பா, இந்த வருஷமாவது என்னை எடுங்கப்பா” என்றாள் பாப்பா. பதினோரு வயது. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். கெஞ்சுகிற குரலில் சொல்லிவிட்டாள். அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அவருடைய தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். கேமரா அவருடைய ஆசை. தானாகவே ஃபோகஸ் பிடிக்கிற வசதி அந்தக் கேமராவில் உண்டு. அதை அணைத்து வைத்திருந்தார். பின்பக்கத்துச் சின்னத் திரையைப் பார்த்துக் கையால் திருகித்தான் ஃபோகஸ் வைப்பார். “எல்லாத்தையும் மெஷின் கிட்ட விட்டுட்டா மனுஷன் எதுக்கு?” என்பார். லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் மட்டும் இதைச் சொல்லமாட்டார்.

மூன்று வாரமாக லென்ஸ் ஆராய்ச்சி நடந்தது. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தார். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் படித்திருப்பார். கடைசியில் மனைவியிடம் வந்து நின்றார்.

“வேகமான லென்ஸ் ஒண்ணு வேணும்.”

“எங்க ஓடணும் அது?”

“ஓடாது. நிறைய வெளிச்சத்தை உள்ள விடும். இருட்டு ரூம்லயும் படம் கிடைக்கும். ஒண்ணு புள்ளி எட்டுன்னு இருக்கு, ஒண்ணு புள்ளி நாலுன்னு இருக்கு. நம்பர் சின்னதானா ஓட்டை பெருசு.”

“விலை?”

“அதுவும் பெருசு.”

“அப்ப ஓட்டை பர்ஸுல. ஜூம் உண்டா?”

“கிடையாது. ஒரே தூரம்தான். கிட்ட வேணும்னா நாமதான் நடந்து போகணும்.”

“காசையும் கொடுத்துட்டு நடக்கவும் நடக்கணும்.”

“அதான் தரம்! உனக்கு எங்க புரியப்போகுது?”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் அந்த அம்மாளுக்கு வேலையே மூக்குக்கண்ணாடிக் கடையில். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் பார்ப்பதும் லென்ஸ் பொருத்துவதும்தான்.

“ஒரு நாளைக்கு நாப்பது லென்ஸ் மாட்டறேன் நான். எனக்குப் புரியாதா? ஒரு வருஷமா சொல்றேன், ஒருநாள் கடைக்கு வாங்க, உங்க கண்ணைப் பார்த்துடலாம்னு.”

“என் கண்ணையா?” லிஃப்ட்காரருக்கு உச்சந்தலை சூடேறியது. “இருட்டுக் குழிக்குள்ள நின்னு இரும்புக் கயித்துல ஒரு இழை பிரிஞ்சாக் கூடக் கண்டுபிடிக்கிற கண்ணு இது!”

“கயிறு தூரத்துல இருக்கு. போன் கையில இருக்கு.”

இந்தப் பேச்சு வேலைக்காகாது, வேறு வழிதான் என்று அவர் முடிவு செய்தார். மறுநாள் மனைவி கடைக்குப் போனதும் ஹால் விளக்கைக் கழற்றினார். அதைப் பழைய சாக்ஸுக்குள் போட்டுத் தன் டூல்ஸ் பையின் அடியில் புதைத்தார். அந்த இடத்தில் ஒரு நோஞ்சான் பல்பை மாட்டினார். எரிகிறதா இல்லையா என்று அதற்கே சந்தேகம் இருக்கும், அப்படி ஒரு பல்பு. சாயங்காலம் சோபாவில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார்.

“வீடா இது? குகை. இதுல எப்படிம்மா நான் படம் எடுக்கறது?”

மனைவி பல்பை ஒரு தடவை பார்த்தாள். அவரை ஒரு தடவை பார்த்தாள்.

“ஆமாங்க. ரொம்ப இருட்டு.”

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாலு வருடக் குடித்தனத்தில் ‘ஆமாங்க’ என்ற சொல்லை அந்த வாயிலிருந்து அவர் நாலு தடவை கேட்டிருப்பார். அதில் மூன்று, போனில் வேறு யாருக்கோ சொன்னது.

“லென்ஸ் வாங்கிடலாம். ஆனா எவ்வளவு இருட்டுன்னு அளக்கணும். இருங்க.”

கடைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அதை அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள்.

“படிங்க.”

“மேல் ரெண்டு வரி தெரியுது.”

“கீழ?”

“கீழ எறும்பு ஊருது. பார்த்தியா, எவ்வளவு இருட்டுன்னு!”

“பார்த்துட்டேங்க. தள்ளிப் பிடிக்கட்டா?”

“பிடி. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், எறும்பு எழுத்தாயிடுச்சு!”

உடனே ஒரு டேப்பை எடுத்து, அட்டைக்கும் அவர் மூக்குக்கும் நடுவே நீட்டி அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

“டேப் எதுக்கு?”

“எந்தத் தூரத்துக்கான லென்ஸுன்னு தெரியவேணாமா?”

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “அதேதான்! முப்பத்தஞ்சு மில்லிமீட்டரா அம்பதான்னு மூணு வாரமா அதைத்தானே யோசிக்கிறேன்! நீ புரிஞ்சுக்கிட்டே!”

சோபாவுக்குப் பின்னால் நின்ற பாப்பா அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தாள். அதே பல்புதான்.

“சின்னப்பிள்ளை கண்ணு. அது ஒண்ணு புள்ளி ரெண்டு. விலை கட்டுப்படியாகாது” என்றார் அவர்.

அடுத்த நாள் ஒரு தாள் வந்தது. ஆர்டர் என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே முழுக்க எறும்பு.

“படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

கையை நீட்டலாம். ஆனால் அவள் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். அவர் தாளைக் கிட்டத்திலேயே பிடித்துக்கொண்டு, படிக்கிறவர்கள் தலையாட்டுகிற மாதிரி இடமும் வலமும் தலையை ஆட்டினார். நடுவில் ஒரு இடத்தில் “ம்ம்” என்றுகூடச் சொன்னார்.

“எல்லாத்தையும் படிச்சீங்களா?”

“வரி விடாம.”

பெரிதாக, சுழித்து, அடியில் ரெண்டு புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டார். பாப்பாவுக்கு ஏனோ இருமல் வந்தது.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டி வந்தது. சின்னப் பெட்டி. கையில் வாங்கினதுமே அவருக்குச் சுருக்கென்றது. ஒண்ணு புள்ளி நாலு அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் என்று எழுதியிருந்தார்களே, இது பூ மாதிரி இருக்கிறதே! திறந்தார்.

உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி.

ஆறாவது மாடியில் கயிறு அறுந்தது போல அவர் நெஞ்சு நேரே தரைக்கு வந்து உட்கார்ந்தது.

“இது என்ன?”

“லென்ஸ்.”

“நான் கேட்டது...”

“ஒரே தூரம். ஜூம் கிடையாது. வீட்டுக்குள்ள, கிட்டத்துல பார்க்க. சின்ன நம்பர். நீங்க கேட்டது எல்லாம் இருக்கே! போதாததுக்கு ஒண்ணுக்கு ரெண்டா வேற கொடுத்திருக்கேன்.”

“நம்பர்?” குரல் குழிக்குள்ளிருந்து வந்தது.

“ஒண்ணு புள்ளி அஞ்சு. அளந்தப்ப ஒண்ணே முக்கால் வந்துச்சு. நீங்க நடிச்சதுக்குக் கால் கழிச்சுட்டேன்.”

“நடிப்பா! அது பல்பு...”

“பல்பு சாக்ஸுக்குள்ள இருக்கு. எடுத்து மாட்டுங்க.” அவள் போன வருடப் படம் ஒன்றை நீட்டினாள். “தீயணைப்பான் மேல ஒட்டியிருக்கற சீட்டைப் பாருங்க. தேதி கூடத் தெரியுது. அதே இருட்டு, அதே பழைய லென்ஸ். தூரத்துல இருக்கறது தெளிவா விழுந்திருக்குன்னா கோளாறு கேமராவுலயா, கேமராவைப் பிடிச்சவர் கிட்டயா?”

அவர் அந்தப் படத்தையும் கையை நீட்டிப் பிடித்துத்தான் பார்த்தார்.

போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மறுநாள் அரங்குக்குப் போனார். ஆனால் சட்டைப்பையில் அது இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பாப்பா இந்த வருடமும் இறுதிச் சுற்று. அதே மங்கல் வெளிச்சம், அதே சுவர், அதே சிவப்பு எதிரி. சின்னத் திரையைப் பார்த்துத் திருகினார். கையை நீட்டித் திருகினார். எல்லாம் கஞ்சியாகத் தெரிந்தது. அப்போது பாப்பா தலையைத் தூக்கி, ஒரே ஒரு தடவை, அவர் பக்கம் பார்த்தாள்.

லிஃப்ட்காரர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். டக்கென்று கண்ணாடியை மாட்டினார்.

அடேயப்பா!

திரையில் தீயணைப்பான் கம்பீரமாக நின்றது. இப்போதும் அதன் மேல்தான் ஃபோகஸ். மெல்லத் திருகினார். சிவப்பு கலைந்தது. பனியிலிருந்து பாப்பா வெளியே வந்தாள். சுருங்கின புருவம். குதிரையைத் தொடலாமா வேண்டாமா என்று அந்தரத்தில் நிற்கிற விரல். கடித்துக் கடித்துத் தேய்ந்த நகம். சதுரங்கம் ஆடுகிறவர்கள் அசையாமல் இருப்பார்கள், அது ஒரு சௌகரியம். முழங்கையை நாற்காலி முதுகில் ஊன்றி, மூச்சைப் பிடித்து அழுத்தினார்.

பாப்பா இரண்டாம் பரிசு வாங்கினாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கோப்பையை எங்கேயோ வைத்துவிட்டுப் படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நான்தான்பா இது” என்றாள்.

அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

“பழைய லென்ஸுலயே இப்படி வந்திருக்குன்னா, அந்த ஒண்ணு புள்ளி நாலு மட்டும் இருந்திருந்தா...”

மனைவி அலமாரியிலிருந்து அந்த ஆர்டர் தாளை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

“படிங்க. இப்ப எறும்பு இருக்காது.”

புதுக் கண்ணாடியின் பெருமையில் அவர் உரக்கவே படித்தார். “‘இந்த லென்ஸ் என் கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு வேறு எந்த லென்ஸைப் பற்றியும் வாய் திறக்கமாட்டேன்.’” குரல் ஒரு மாடி இறங்கியது. “‘பல்பைக் கழற்றியதற்காக, மாதம் ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா மின்விசிறிகளையும் நானே துடைப்பேன்.’” இன்னும் ஒரு மாடி.

“அடியில இன்னும் ஒரு வரி இருக்குப்பா” என்றாள் பாப்பா.

“‘இவ்வளவு இருட்டிலும், வரி விடாமல் படித்துப் பார்த்து, முழு மனதோடு சம்மதிக்கிறேன்.’”

அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து, சுழியும் ரெண்டு புள்ளியுமாக, ஃபோகஸ் கொஞ்சமும் தப்பாமல் பளிச்சென்று இருந்தது.