சக்கரம் பொறித்த மஞ்சள் பை

அத்திகிரியின்மேல் நின்று, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் வரம் தரும் பேரருளாளன் திருவடிகளை வணங்குகிறேன். தை மாதம், வளர்பிறைப் பஞ்சமி, ரேவதி நட்சத்திரம், வியாழக்கிழமை. பஞ்சாங்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத நாள். குறையெல்லாம் அடியேனிடம்தான் இருந்தது.

பாசுரம் சொல்லியே பொழுதைக் கழித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதில் பெருமாளைக் கண்டுவிடுவார்கள். (மேகத்தைக் கண்டால் திருமேனி, தாமரையைக் கண்டால் திருக்கண். மருமகள் எடுத்து வைக்கும் மாத்திரை மட்டும் கண்ணிலேயே படாது.)

அந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதர் பார்வேட்டைத் திருவிழாவுக்குப் பழைய சீவரம் எழுந்தருளியபோது, வரிசையாய்ப் பாசுரம் சொல்லிப் போகும் கோஷ்டியோடு நானும் வெறுங்காலில் நடந்தேன். திருமுக்கூடலுக்குப் போகும் ஆற்று மணலில் வலது குதிகாலில் கருவேல முள் தைத்தது. பிடுங்கி எறிந்தேன். பாதி உள்ளேயே தங்கிவிட்டது தெரியாது. சில நாளில் கால் வீங்கிச் சீழ் கோத்துக்கொண்டது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, மேலே தேனை வார்த்து, பழைய வேட்டித் துணியால் கட்டினேன். பெருமாளையே தேன் என்று உருகும் மரபில் வந்தவனைத் தேன் கைவிட்டுவிடுமா?

என் மருமகள் வைதேகி பல் மருத்துவர். சின்ன காஞ்சிபுரத்தில் அவள் கிளினிக் திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"மாமா, உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு. காலை ஒரு சர்ஜன்கிட்ட காட்டுங்கோளேன்."

"நன்னா ஆறிண்டு வரதும்மா. மேலே காஞ்சே போச்சு பார்."

"உங்க காலைச் சுத்தி எறும்புதான் நன்னா வளர்றது!"

கிளினிக் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற சட்டம் வந்த புதிது. ஊர்ப் பல் மருத்துவர்களுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்கும் அதைப் பற்றி எடுத்துச் சொல்ல வைதேகியை அழைத்திருந்தார்கள். 'இந்தச் சின்னப் பெண்ணா நமக்குப் பாடம் எடுப்பது?' என்று மூத்தவர்கள் முணுமுணுத்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. சோறு இறங்காமல் ஒத்திகை பார்த்தாள். ஊரில் அவள் பெயர் நிற்பதும் விழுவதும் அந்த வியாழக்கிழமை மாலையில் இருந்தது.

"நீங்க வந்து உக்காந்தாலே போறும், மாமா" என்றாள்.

வெறுமனே உட்காருவதாவது! தாம்பூலம் இல்லாமல் ஒரு சபையா? தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போன பிறகுதான் பை வாங்க மறந்தது தெரிந்தது. பின்னறை மேஜைமேல் ஒரு கட்டு புத்தம்புது மஞ்சள் பிளாஸ்டிக் பைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் நடுவே ஒரு வட்டம், அதைச் சுற்றிச் சுழலும் மூன்று வளைவுகள். சுதர்சனர்! என் மனம் அறிந்து, சக்கரம் பொறித்தே அச்சடித்து வைத்திருக்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன். ஒரு பையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். (கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. கடைக்காரர் விலாசமாக்கும் என்று விட்டுவிட்டேன்.)

கூட்டம் முடிவதற்குள் பாதிப்பேர் நழுவிவிடுவார்கள் என்பது கல்யாண வீடுகளில் நான் கண்ட அனுபவம். ஆகவே வைதேகி மேடையில் படங்களை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலிலேயே நின்று சந்தனம் கொடுத்து, ஆளுக்கொரு பையைக் கையில் திணித்து உள்ளே அனுப்பினேன். ஓரிருவர் பையைப் பார்த்துச் சிரித்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்தேன்.

வைதேகி பேச்சைத் தொடங்கி, மஞ்சள் பை வரைந்த படத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"சீழ், ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, வெட்டி எடுத்த சதை எல்லாம் இந்தப் பையிலதான் போடணும். இந்த அடையாளம் இருந்தா உள்ள நோய்க்கிருமி இருக்குன்னு அர்த்தம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவே கூடாது. எரிக்கத்தான் அனுப்பணும்."

சபை தன் மடியைப் பார்த்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக அமர்ந்திருந்த வயதான சர்ஜன், கடித்த வாழைப்பழத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார்.

"ஐயய்யோ டாக்டரம்மா!" என்று கிளினிக் உதவியாளர் மேரி பின்னாலிருந்து கத்தினாள். "காட்டறதுக்கு வச்சிருந்த கவரை எல்லாம் ஐயா எடுத்து குட்த்துட்டாரு!"

"அதுல சக்கரத்தாழ்வார் இருந்தாரேம்மா" என்றேன்.

"எமன் இருக்கறாரு ஐயா!"

மண்டபம் குலுங்கியது. வைதேகியின் முகம் வெளுத்தது. பைகளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று பதறி ஓடினேன். ஓடிய வேகத்தில் கால்கட்டு அவிழ்ந்து, தேன் சொட்டச் சொட்ட, சர்ஜனின் செருப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே எறும்புகளும் வந்தன. (கோஷ்டி என்றால் அதுதான் கோஷ்டி. வரிசை கலையவே இல்லை.)

வைதேகி மேடையிலிருந்து இறங்கினாள். கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் அந்தத் துணியை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இவர் என் மாமனார். இதுல தேன் இருக்கு, மஞ்சள் இருக்கு, வேப்பிலை இருக்கு. எல்லாம் நல்ல பொருள்தான். ஆனா சீழும் இருக்கு. இது எங்க போகணும்?"

"மஞ்சள் பை!" என்றது சபை.

"தேங்காய்?"

"பூஜை ரூம்!"

அந்தக் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவளைச் சின்னப் பெண் என்று யாரும் முணுமுணுக்கவில்லை.

சர்ஜன் செருப்பைத் துடைத்துவிட்டு என் காலைப் புரட்டிப் பார்த்தார். "தேன் மேல தப்பில்ல சாமி. முள்ளை உள்ள வச்சு மேல மூடிக்கினு இருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலே போயிருக்கும்." அன்றே தம்முடைய மருத்துவமனைக்கு அழைத்துப்போய், கீறி, முள்ளை எடுத்தார்.

பிறகு வைதேகிக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. "நீங்களும் கிளம்புங்கோ மாமா. நீங்க இல்லாம சொன்னா யாரும் நம்பறதில்லை" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொள்வாள். அவள் மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டும்போது நான் எழுந்து குதிகால் தழும்பைக் காட்ட வேண்டும். செங்கல்பட்டில் ஒரு நர்ஸ் என்னிடம் கையெழுத்தே கேட்டாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் இன்றும் முகூர்த்தம் குறிப்பதற்கு முன்பே ஒன்று தீர்மானமாகிவிடும்: தாம்பூலப் பை வாங்க என்னை அனுப்பக் கூடாது.

இதைப் படித்தவரும், பிறர் படிக்கக் கேட்டவரும், புண்கள் ஆறி, பற்கள் உறுதிபெற்று, சொன்னால் கேட்கும் பெரியவர்களைத் தத்தம் வீட்டில் பெற்று நெடுங்காலம் வாழப் பேரருளாளன் அருள்வானாக.