அத்தான் கடலை வென்ற விதம்

கடலைக் கடந்தவர்கள் உலகில் ஏராளம். ஆறு நாள் கடலில் மிதந்துவிட்டு, ஒரு காசுகூட நனையாமல் கரை திரும்பியவர் ஒருவர்தான். அவர் என் அக்காவின் கணவர் என்பதில் எனக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அத்தான் ஒரு பெரிய நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரி. மூன்று கடையில் விலை விசாரிக்காமல் வீட்டுக்கு ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டார். மூன்றில் மலிவானதை வாங்குவார். அது ஒரு வாரத்தில் உதிர்ந்ததும் நான்காவது கடையில் விசாரிப்பார்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் வேலை. அவளுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கரையே கண்ணில் படாத நடுக்கடலில் நின்று சூரியன் உதிப்பதைப் பார்க்கவேண்டும். கல்யாணமான புதிதில் சொன்னாள். அத்தான் அதைப் 'பரிசீலனையில்' வைத்தார். இருபதாவது கல்யாண நாளுக்குக் கோப்பு மேலே வந்தது.

சாப்பாட்டு மேசையில் ஆலோசனைக் கூட்டம் கூடியது. உறுப்பினர்கள் அத்தான், அக்கா, நான். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓர் அறையில் தங்கும் மூன்றாவது ஆளுக்குக் கட்டணம் கிடையாது என்று கப்பல் கம்பெனி அறிவித்திருந்தது. சும்மா கிடைப்பதை விட்டுக்கொடுப்பது அத்தானின் கொள்கைக்கு விரோதம். கல்யாண நாளுக்குப் போகும்போது தம்பி எதற்கு என்று அக்கா கேட்டதாக ஞாபகம். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

பால்கனி வைத்த அறை, ஜன்னல் வைத்த அறை, இரண்டும் இல்லாத உள்ளறை என்று மூன்று தினுசு இருந்தன. அத்தான் உள்ளறையைத் தேர்ந்தெடுத்து விளக்கமும் அளித்தார்.

"ரூம் தூங்குறதுக்குத்தானே? கண்ணை மூடிட்டா எல்லா ரூமும் ஒண்ணுதான்."

இப்பேர்ப்பட்ட தத்துவத்தைக் கேட்டு நான் மேசையைத் தட்டி வரவேற்றேன். அப்படியானால் சூரியன் என்றாள் அக்கா. அது மேல்தளத்தில் பொது, இலவசம் என்றார் அத்தான். தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது.

கப்பலில் ஏறியபின்தான் அத்தானின் மேதைமை முழுசாக வெளிப்பட்டது. சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம் என்று ஓர் அட்டையில் போட்டிருந்தார்கள். அத்தான் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, கட்டிய பணத்தைச் சாப்பிட்டே 'வசூல்' செய்வது என்று முடிவெடுத்து, நாளுக்கு ஆறு வேளை என அட்டவணை போட்டார். முதல் வேளை காலை ஐந்தரை. சூரியன் வருவது ஐந்து ஐம்பதுக்கு.

பொறுப்புகளும் பிரிக்கப்பட்டன. இறைச்சி, மீன் வகையறா அத்தான். பழமும் இனிப்பும் நான். அக்காவுக்கு இடம் பிடித்து வைக்கும் வேலை. எழுந்துபோனால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் அல்லவா? மேசையும் சமையலறைக் கதவை ஒட்டிய மேசைதான். எது வந்தாலும் முதலில் நம் பக்கம்தான் வரும் என்பது அத்தானின் கணிப்பு. ஜன்னல்கள் எதிர்க்கோடியில் இருந்தன.

மூன்றாம் நாள் காலையில், பத்தே நிமிஷம் மேலே போய்விட்டு வருகிறேன் என்று அக்கா எழுந்தாள். அத்தான் அன்போடு அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்து உட்காரவைத்தார்.

"சூரியன் நாளைக்கும் வரும்மா. இந்த மீன் நாளைக்கு வராது."

ஆழமான வாக்கு. மீனைத் தின்றுகொண்டே நான் ஆமோதித்தேன். அக்கா எதையும் தொடவில்லை. அவள் பங்கு வீணாகிறதே என்று அத்தான் அதையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் இரவு அத்தானின் வயிறு ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியது. கப்பல் டாக்டரின் கட்டணம் எந்த அட்டையிலும் 'அடக்கம்' இல்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்காரி ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று தீர்மானமாயிற்று. அக்கா வெந்நீரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். விடிந்ததா இல்லையா என்பது அந்த அறையில் தெரியாது. ஐந்தேமுக்காலுக்கு அத்தான் முனகிக்கொண்டே டிவியைப் போட்டார். கப்பலின் முகப்பில் வைத்த கேமரா காட்டுவதை ஒரு சேனலில் நாள் பூரா ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் தெரிந்தது. கடலின் விளிம்பு சிவந்தது.

இதோ பார், படியேறாமலே உன் சூரியன் வந்துவிட்டது என்றார் அத்தான்.

அக்கா பார்த்தாள். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. தண்ணீருக்குத் தனிக் கட்டணம் இல்லாததால் அத்தான் ஆட்சேபிக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இருந்தாலும் முதல் வேளைக்கு நேரமாகிவிட்டதால் நான் கிளம்பினேன்.

ஆறாம் நாள் கண்விழித்தால் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. அக்கா மேல்தளத்துக்கு ஓடினாள். ஒரு கிடங்கின் தகரக் கூரைமேல் சூரியன் எப்போதோ ஏறி உட்கார்ந்திருந்தது.

ஊர் திரும்பிய அத்தான், 'சிக்கனமாகக் கடல் பயணம்' என்ற தலைப்பில் தம் அலுவலகத்தில் அரைமணி நேரம் உரையாற்றினார். பலத்த கைதட்டல். நான்கு பேர் குறிப்பெடுத்தார்களாம்.

இரண்டு மாதம் கழித்து, நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா மேசையில் ஓர் உறையை வைத்தாள். அதே கப்பல், பால்கனி அறை. ஞாயிறுகளில் அதிகப்படி வேலை பார்த்துச் சேர்த்த பணம். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பயணச்சீட்டை ஆராய்ந்தார். பயணி ஒருவர், கட்டணம் இருவருக்கு. அறையை ஒரே ஆள் எடுத்துக்கொண்டாலும் இரண்டு ஆளுக்குக் கட்டவேண்டும் என்பது கப்பல் கம்பெனியின் விதி. வாழ்நாளில் இப்படி ஒரு கொள்முதலை அவர் கண்டதில்லை.

மூன்றாவது ஆள் இலவசம் என்பதை ஞாபகப்படுத்த நான் வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், வாயிலிருந்ததை மெல்லாமலே விழுங்கினேன்.

அத்தான் கேட்டார். "போறது ஒரு ஆள். இன்னொரு ஆளுக்கும் சேர்த்து எதுக்குக் காசு கட்டுறே?"

அக்கா சீட்டை வாங்கி உறைக்குள் வைத்தாள்.

"நீங்க வராம இருக்கிறதுக்கு."