எண்டர் தட்டிய வரன்கள்

கடலூர் மாவட்டத்தில் ஒரு டாலரைக்கூடக் கண்ணால் பார்க்காமல் 'டாலர்' என்று பெயர் வாங்கியவர் எங்கள் டாலர் அண்ணன் ஒருவர்தான். நிஜப் பெயர் அவருடைய அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. நாங்கள் எழுதும் நிரல்களுக்கு பாஸ், ஃபெயில் போடுவது அவர் வேலை. பாஸ் போட்டு யாரும் பார்த்ததில்லை. மக்கள் தட்டும் பெயர், முகவரியெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க 'ரெஜெக்ஸ்' என்று ஒன்று உண்டு. எழுத்துகளைச் சலிக்கும் சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் டாலர் குறி போட்டால் 'இத்தோடு முடிந்தது' என்று பொருள். அதைப் போடச் சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர்.

தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் போனில் யாரையோ, "எத்தினி தடவ சொல்றது, வரிக்கு ஒரு டாலர் போடு!" என்று திட்ட, பக்கத்து சீட்காரர் பவ்யமாக, "சார், நம்ப பையன் ஒருத்தன் டிகிரி முடிச்சிட்டு சும்மா இருக்கான்…" என்றாராம்.

குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். என் முதல் முகவரிச் சல்லடையையும் ஃபெயிலாக்கினார்.

"உங்கப்பா அட்ரஸ ஒரே வரியிலயா எழுதுவாரு? மனுசன் எண்டர் தட்டுவான் தம்பி!"

"எங்கப்பா எழுத மாட்டாருண்ணே. கையெழுத்து மட்டுந்தான்."

"அப்ப எழுதிக் குடுக்கறவன் தட்டுவான்!"

டாலர் அண்ணனுக்கு வயது முப்பத்தாறு ஆனபோது அவர் அம்மா எனக்கே போன் செய்துவிட்டார். "ரெண்டு வருசமா எவ்ளோ வரன் வந்துது, ஒண்ணும் தேறலங்கறான். நீயாச்சும் கேளுப்பா."

கேட்டேன். பெருமையாக லேப்டாப்பைத் திருப்பினார். வாட்ஸப்பில் வரும் பயோடேட்டாக்களைச் சலிக்க ஒரு ரெஜெக்ஸ்! பெண் கணிதம் படித்திருக்க வேண்டும். ஊர் கடலூர் மாவட்டம்.

"நாப்பது வந்துது, நாப்பதும் ஃபெயிலு. நம்ப மாவட்டத்துல கணக்கு படிச்ச பொண்ணே இல்ல தம்பி."

கணிதத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்திருந்தார். நடுவில் எது வேண்டுமானாலும் வரட்டும் என்பதற்கான புள்ளி. ஆனால் அது வரி தாண்டாது; வரி முடிந்த இடத்திலேயே நின்றுவிடும். பெண்ணைப் பெற்றவர்களோ படிப்பை ஒரு வரியிலும் ஊரை அடுத்த வரியிலும்தான் எழுதுவார்கள்.

"அண்ணே… பொண்ணு வூட்டுக்காரங்க எண்டர் தட்டியிருக்காங்கண்ணே."

புள்ளி வரி தாண்டும்படி ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். ஆறு பெண்கள் தேறினார்கள். ஐந்து பேருக்குக் கல்யாணமாகிவிட்டதாக அம்மா விசாரித்துச் சொன்னார். மிச்சம் வடலூரில் ஒரு டீச்சர்.

நாங்கள் விடவில்லை. ஆபீஸே சுற்றி நின்று போன் போட வைத்தது. அந்தப் பெண்ணே எடுத்தார்.

"பயோடேட்டா அனுப்பி ஒண்ணர வருசம் ஆச்சு. ஏங்க ஒரு பதிலுகூட இல்ல?"

ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் சொன்னார்: "நீங்க எண்டர் தட்டியிருந்தீங்க. அத நான் பாக்கல. தப்பு எம்மேலதாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. நிற்காத சிரிப்பு.

அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "சிரிக்கிறாங்க தம்பி. இது பாஸா, ஃபெயிலா?"

"பாஸுண்ணே" என்றேன்.